கடைசியாகத் தொட்டது யார்

மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பழுதாகி வந்த பொருளைப் பார்ப்பதற்கு முன்பு, அதைக் கொண்டுவந்த ஆளைப் பார்ப்பான். நாமக்கல்லில் நான் வேலை செய்த கடையில் அதுதான் முதல் பாடம். கிணற்று மோட்டாரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கும் விவசாயியிடம், "கடைசியா இதத் தொட்டது ஆருங்க?" என்று கேட்க வேண்டும். "ஆரும் தொடலீங்களே, ஓடிக்கிட்டே இருந்துச்சு, நின்னுபோச்சு" என்பார். திறந்து பார்த்தால் உள்ளே யாரோ சுற்றிய டேப் கருகிக் கிடக்கும். "இதென்னுங்க?" என்றால், "அது எம் மச்சான் சுத்துனதுங்க" என்று சாதாரணமாகச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. மச்சான் கை வைத்ததை அவர் தொட்டதாகக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். இப்படி எத்தனையோ மச்சான்களைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

வார நாட்களில் மோட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேறு ஆள். எண்பதுகளின் நடுவில் சில வருடங்கள் சேலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தேன். கோயில் விசேஷம், கல்யாண வரவேற்பு, கடைத் திறப்பு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். பெங்களூரில் ஒருவர் வாசித்துச் சலித்து விற்ற கிட்டார் அது. பழுப்பு நிறம், முதுகில் கீறல். எனக்கு அதன்மேல் இருந்த பிரியத்தை இப்போது சொல்லிக்கொள்வதில் வெட்கம் இல்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட, வீட்டில் அதைத் தனியாக விட்டுவந்தது நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

அது என்ன வாத்தியம் என்று விளக்குவதிலேயே என் இளமையில் பாதி போயிற்று. சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி, இதற்கு நாலு. கழுத்து நீளம், கம்பி தடிமன், சத்தம் அடிமட்டம். பாட்டுக்குக் கீழே தரை போட்டுக்கொண்டே போவதுதான் அதன் வேலை. நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்க கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க, லக்கேஜ் போடாம உட்டர்றேன்" என்றார். கரண்டு இல்லாமல் கேட்காது என்றேன். "கரண்டு இல்லாம கேக்காத வாத்தியத்த எதுக்குங்க தூக்கிட்டு அலையறீங்க?" என்று கேட்டபடியே லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். நியாயமான கேள்விதான்.

குழுவை நடத்தியவர் செவ்வாய்ப்பேட்டையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்த குடும்பத்தின் மூத்த மகன். நாங்கள் அவரை அண்ணன் என்போம். கீழே குடோன், மேலே எங்கள் ஒத்திகை. மிளகாய் மூட்டையை அவிழ்க்கும் நாளில் பாட்டுக்காரர் பல்லவி முடித்துத் தும்முவார், தபலாக்காரர் சரணத்தில் தும்முவார். அண்ணன் மட்டும் தும்மியதே இல்லை. அவருக்குப் பழகிப்போயிருந்தது. இசை படிக்காதவர். ஆனால் எந்தச் சுருதி விலகினாலும் முகம் சுளித்துவிடுவார். என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, யாரிடம் தப்பு என்று விரலை நீட்டத் தெரியும்.

எனக்குக் கல்யாணமான வருடம் வந்த ஆயுத பூஜையிலிருந்து இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அது ஒரு வீட்டில் அடங்கும் பண்டிகை இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் சந்தனமும் குங்குமமும் படாத பொருள் ஒன்று ஊரில் இருக்காது. லாரிக் கண்ணாடியிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி, தறி, தராசு, தையல் மெஷின், சோடா போடும் கருவி வரைக்கும் பொட்டு வைத்துவிடுவார்கள். எங்கள் கடையில் சாமான் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் பொட்டு வைத்து, பூசணிக்காயை ரோட்டில் உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அங்கே என் மனைவி எனக்கு மேல் வேலை பார்த்து வைத்திருந்தாள். அடுப்பு, அம்மி, ரேடியோ, சைக்கிளின் முன் விளக்கு எல்லாவற்றிலும் பொட்டு. சுவரில் சாய்த்து வைத்திருந்த கிட்டாரின் வயிற்றில் மூன்று, தலையில் ஒன்று, கழுத்தில் ஒன்று. செவ்வந்திச் சரம் வேறு சுற்றியிருந்தாள்.

அவள் எருமப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பெண் கொடுக்கும்போது என்னை மோட்டார் மெக்கானிக் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். கிட்டார் விஷயம் தாலி கட்டிய பிறகு தெரியவந்தது. மாமனார் அதை ஒரு வியாதியைப் போல எடுத்துக்கொண்டு, "செரியாயிருமா சாமி?" என்று மட்டும் கேட்டார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள் என் வாத்தியத்தையும் ஒரு தொழில் சாமானாக மதித்துப் பொட்டு வைத்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் என்று சும்மா சொல்லவில்லை. அன்றைக்கு அதை மறுபடி மறுபடி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்தேன், சைக்கிளையும் சேர்த்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில்தான் தடிக்கம்பி வேலையைக் காட்டியது.

நாலு கம்பிகளில் மேலே இருக்கும் மிகத் தடித்த கம்பி அது. ஆர்மோனியத்தில் சுருதி பிடித்து மற்ற மூன்றையும் சேர்த்துவிட்டேன். இதற்கு, தலையில் கம்பியை முறுக்கும் கீயைத் திருப்பினால் சத்தம் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன், அப்போதும் அப்படியே. மேலும் திருப்பியதும் 'டிக்' என்று ஒரு சின்ன ஓசை கேட்டது, சுருதி ஒரேயடியாகத் தாவி மேலே போனது. இறக்கி, மறுபடி ஏற்றிச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து வாசிக்கத் தொடங்கினேன். பாட்டு பாதியில் இருக்கும்போது அது மறுபடி நகர்ந்தது. பேஸ் விலகினால் பாட்டுக்குக் கீழே இருக்கும் தரை சரிகிற மாதிரி இருக்கும். பாடுகிறவர் குழம்பிப் பக்கத்திலிருப்பவரை முறைப்பார். அண்ணன் யாரையும் முறைக்கவில்லை, நேராக என்னிடம் விரலை நீட்டினார்.

"என்ன சாமி, வண்டி ஒரு பக்கமா இழுக்குது?"

"கம்பி பழசுங்கண்ணா. பாக்கறேன்."

அண்ணன் அதோடு விடவில்லை. அந்த மாதம்தான் குழுவுக்குப் புதிதாக ஒரு கீபோர்டு வாங்கியிருந்தார். அதை வாசித்த பையன் இடது கையால் அடித்தால் பேஸ் மாதிரியே ஒரு சத்தம் வரும். அண்ணனுக்கு அது மிளகாய் விலைக்கு மல்லியும் சேர்ந்து வந்த மாதிரி.

"எருமப்பட்டியில நம்ம சொந்தத்துல ஒரு கல்யாணம் வருது. அதுவரைக்கும் பாப்பம். சுருதி நின்னுச்சுன்னா இரு. நிக்கலீன்னா இடது கையே போதும்னு உட்டர்லாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை இல்லாவிட்டால் மற்ற ஆறு நாளும் மோட்டார் மட்டும்தான் என்ற நினைப்பு பஸ்ஸில் வரும்போதே தொற்றிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து முறையாகத் தொடங்கினேன். பழுது பார்க்கிறவன் சந்தேகப்பட வேண்டிய வரிசை ஒன்று உண்டு. முதலில் கம்பி. பேஸ் கம்பி சேலத்தில் கிடைக்காது, அறுந்தால்தான் மாற்றுவோம், அறுவதும் அபூர்வம். வருடக்கணக்கில் விரல் வியர்வையும் அழுக்கும் ஏறிச் செத்துப்போன கம்பியை வெந்நீரில் கொதிக்கவைத்தால் உயிர் வரும் என்பது வாசிப்பவர்களுக்குள் இருந்த வைத்தியம். கம்பியைக் கழற்றிச் சுருட்டிப் பாத்திரத்தில் போட்டுச் சோடா உப்பும் போட்டேன். தண்ணீர் கறுத்து வந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, அது பால் காய்ச்சற ஏனமுங்க!"

"கழுவிக்கலாம் புள்ள."

"கம்பியப் போட்டு ரசம் வெக்கறதுக்கா என்னைய எங்கூட்டுல கட்டிக் குடுத்தாங்க?"

அந்தப் பாத்திரத்தை அவள் பிறகு பாலுக்கு எடுக்கவே இல்லை. கம்பி துலக்கமாகத்தான் ஆனது, ஆனால் மாட்டியதும் அதே வியாதி. கீயைத் திருப்பினால் அசையாது, அப்புறம் தாவும், வாசித்தால் நகரும்.

அடுத்த சந்தேகம் கீ. கழற்றி, பல்சக்கரத்தை மண்ணெண்ணெயில் கழுவி, கடையில் பேரிங்குக்குப் போடும் கிரீஸ் வைத்து மாட்டினேன். வெண்ணெய் மாதிரி திரும்பியது. சுருதி நிற்கவில்லை. அதன் பிறகு கம்பியின் மறுமுனை உட்காரும் பிரிட்ஜ். திருகுகளை எல்லாம் இறுக்கினேன். கம்பியைக் கீயில் அதிகம் சுற்றிவிட்டேனோ என்று அவிழ்த்துக் குறைவாகச் சுற்றினேன், குறைவாகிவிட்டதோ என்று மறுபடி அதிகமாகச் சுற்றினேன். கழுத்து வளைந்துவிட்டதோ என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, துப்பாக்கி வாங்கியிருக்கிறேனா என்று என் மனைவியிடம் விசாரித்தாராம்.

கடைசியில் ஒரு லாரி டிரைவரைப் பிடித்தேன். எங்கள் ஊரில் எது கிடைக்காவிட்டாலும் அதற்கு ஒரு டிரைவர் இருப்பார். பம்பாய்க்கு லோடு போகிறவரிடம் பழைய கம்பியில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்து, இதே தடிமனில் கிட்டார் கடையில் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். துண்டை வெட்டியதோடு பழைய கம்பி போயிற்று. அவர் திரும்பி வரும் வரைக்கும் ஒத்திகைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். புதுக் கம்பி கேபினில் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வந்தது. உறையைப் பிரித்தபோது அதன் பளபளப்பைப் பார்த்து எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். மாட்டினேன். திருப்பினேன். அசையவில்லை. பிறகு 'டிக்'. எனக்கு அழுகை வராத குறை.

அன்றைக்குத்தான் கடைப் பழக்கம் ஞாபகம் வந்து மனைவியிடம் கேட்டேன்.

"ஏம் புள்ள, நானில்லாதப்ப கிட்டார ஆராச்சும் தொட்டாங்களா?"

"ஆருங்க தொடப்போறாங்க? நா அதுங் கிட்டத்துலயே போறதில்லீங்க."

முகத்தைப் பார்த்தேன். உண்மையைத்தான் சொன்னாள். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

எருமப்பட்டிக் கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானமே போய்ச் சேர்ந்துவிட்டோம். பெண் வீட்டுக் களத்தில் பந்தல் போட்டு, ஓரத்தில் மேடை கட்டியிருந்தார்கள். சாயங்காலம் வரவேற்பு. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும் மேடை விளிம்பில் உட்கார்ந்து கம்பியைத் திருகிக்கொண்டிருந்தேன். அப்போதுதான், பல நாளாகக் கண் முன்னால் நடந்துகொண்டிருந்த ஒன்றைப் பார்த்தேன். கம்பி நீண்டு தளர்ந்தால் சுருதி இறங்கும். கீ நழுவினாலும் இறங்கும். பிரிட்ஜ் இளகினாலும் இறங்கும். நான் சந்தேகப்பட்ட எல்லாமே இறக்குகிற சமாசாரங்கள். என் கம்பியை ஏற்றிவிட்டு வாசித்தால் அது மேலும் ஏறியது. இழுப்பு எங்கேயோ மாட்டிக்கொண்டு, வாசிக்கிற அதிர்வில் பிறகு வந்து சேருகிறது.

கீக்கும் கழுத்துக்கும் நடுவே, வெள்ளையாக இருந்து மஞ்சளேறிய ஒரு சின்னக் கட்டை உண்டு. அதில் கம்பி உட்கார நாலு பள்ளங்கள். தடிக்கம்பியை அந்தக் கட்டைக்கு அந்தப் பக்கம், கீ இருக்கும் பக்கம், விரலால் அழுத்தினேன், இரும்புக் கம்பியாக விறைத்திருந்தது. வாசிக்கும் இந்தப் பக்கம் அழுத்தினேன், கொழகொழவென்று இருந்தது. கட்டையைத் தாண்டி இழுப்பு வரவில்லை. கம்பியைத் தளர்த்திப் பள்ளத்திலிருந்து தூக்கினேன். உடனே வரவில்லை. பொருக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தத்தோடு வந்தது. பள்ளத்துக்குள் மங்கிய மஞ்சளில் ஏதோ இறுகிக் கிடந்தது. பழைய கட்டையும் அதே நிறம் என்பதால் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. நகத்தால் சுரண்டினேன். நகத்தை மூக்கருகே கொண்டுபோனேன்.

சந்தனம்.

பெரிதாகச் சிரித்துவிட்டேன். பந்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். கழுத்தில் வைத்த பொட்டு அது. ஈரத்துணியால் துடைத்தபோது மேலே இருந்ததை எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பள்ளத்துக்குள் நானே வழித்துத் தள்ளியிருக்கிறேன். அது காய்ந்து பள்ளத்தைக் குறுக்கி, எந்தக் கம்பியை மாட்டினாலும் அதன் முறுக்கைப் பிடித்துக்கொண்டது. அத்தனை பேரிடம் மச்சானைத் தேடிக் கண்டுபிடித்தவனுக்கு, பொட்டு வைப்பதும் தொடுவதுதான் என்று தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. நாமக்கல்லிலிருந்து சேலம் வரை யாரைக் கேட்டிருந்தாலும் தோன்றியிருக்காது.

பள்ளத்தை ஊசியால் சுத்தமாகக் குடைந்தேன். பாட்டுக்காரர் முகத்துக்குப் போடும் பவுடரில் ஒரு சிட்டிகை எடுத்துப் பள்ளத்தில் தூவிக் கம்பியை உட்காரவைத்தேன். கீயைத் தொட்டதும் சத்தம் அசைந்தது. நினைத்த இடத்தில் நின்றது. எவ்வளவு அடித்தும் நகரவில்லை.

அன்றைய வரவேற்பில் வாசித்த மாதிரி நான் அதற்கு முன்னும் பின்னும் வாசித்ததில்லை. தடிக்கம்பி நின்ற இடத்தில் நின்றது. பாட்டுக்காரர் ஒருமுறைகூடப் பக்கத்தில் திரும்பவில்லை. பாட்டுகள் ஒன்றையடுத்து ஒன்று வழுக்கிக்கொண்டு போயின. பெரியவர்கள் தாம்பூலத் தட்டோடு நடந்துகொண்டே தலையாட்டினார்கள். எனக்கு உச்சி முதல் பாதம் வரை நிறைந்திருந்தது.

முடிந்ததும் அண்ணன் மேடைக்கு வந்தார். வாய் நிறைய வெற்றிலை.

"இன்னைக்குப் பாட்டெல்லாம் எப்படி வந்துச்சு பாத்தியா சாமி? நீ வாசிச்சியா?"

"வாசிச்சனுங்களே. எல்லாப் பாட்டுக்கும் வாசிச்சேன்."

"அப்பிடியா? ஒண்ணுமே தெரியலியே." கொஞ்சம் யோசித்தார். "இத்தன நாளா உன்ற கிட்டாரு தனியாத் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்கு இருக்கறதே தெரியல. பாட்டும் நல்லா இருந்துச்சு. அப்ப அது இல்லீன்னாலும் ஒண்ணும் ஆவாதில்ல?"

குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் "செரிங்கண்ணா" என்றேன். நன்றாக ஓடுகிற மோட்டாரின் சத்தத்தை எந்த விவசாயியும் கேட்பதில்லை, அதற்காக அதைக் கழற்றி எறிந்துவிடுவாரா என்ற பதில் பஸ் ஏறிய பிறகுதான் வந்தது. அதைச் சொல்ல வேண்டிய ஆள் எருமப்பட்டியில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சீசனுக்கு என்னை அழைக்கவில்லை. அண்ணன் கெட்டவர் இல்லை. வழியில் பார்த்தால் நின்று பேசுவார், கடைக்கு மோட்டார்கூட அனுப்பினார். கீபோர்டுப் பையன் இடது கையால் நன்றாகவே வாசித்தான் என்று கேள்விப்பட்டேன். நான் போய்க் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடை திறக்கலாம் என்று முதலாளியிடம் நானே சொன்னேன்.

சந்தனத்தைப் பற்றி மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் இடம் போனது தன்னால்தான் என்று எடுத்துக்கொண்டிருப்பாள். அது உண்மை இல்லை. கம்பி சரியில்லாத வரைக்கும் அண்ணன் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். சரியானதும்தான் நான் காணாமல் போனேன்.

அடுத்த வருட ஆயுத பூஜைக்கு நான் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அவள் அப்போது பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். சைக்கிளுக்கு வைத்தாள், ரேடியோவுக்கு வைத்தாள். மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த கிட்டாரை எடுத்துத் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். சந்தனக் கிண்ணத்தோடு அதன் முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இப்பத்தான் இத வாசிக்கறதில்லியே. இதுக்கும் வெக்கட்டுங்களா?"

"வெய்யி."

வயிற்றில் வைத்தாள். தலையில் வைத்தாள். பிறகு கழுத்தில், அதே சின்னக் கட்டையின் மேல், விரல் நிறையச் சந்தனம் எடுத்துத் தடிக்கம்பியோடு சேர்த்து அழுத்தி வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சைக்கிளை மட்டும் துடைத்தேன்.